காது வைத்திருக்கும் முழக்கோல்

சில மரக்கோல்கள், ஒரு திரை, மேசைக்கு எதிரே முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய ஒரு பலகை. கிளாடியா கரெல்லோவும் சகாக்கள் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வுக்குத் தேவைப்பட்ட சாமான்கள் ஏறக்குறைய அவ்வளவுதான். அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் அவர்கள் திரைக்குப் பின்னால் ஒவ்வொரு கோலாகத் தரையில் விழவிட்டார்கள். மேசையருகே உட்கார்ந்திருந்தவரால் கோலைப் பார்க்கவும் முடியாது, தொடவும் முடியாது. அந்தக் கோலை மேசை விளிம்பிலிருந்து நீட்டினால் அதன் முனை எங்கே போய் முட்டும் என்று சத்தத்தை மட்டும் வைத்துத் தீர்மானித்து, அந்த இடத்துக்குப் பலகையை நகர்த்த வேண்டும். எத்தனை சென்டிமீட்டர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதும் நல்லது. வாயால் எண்ணைச் சொல்லும்போது பலருக்கும் தடுமாறும், கையால் காட்டும்போது அவ்வளவு தடுமாறாது.

முதல் சுற்றில் கோல்கள் 30 சென்டிமீட்டரிலிருந்து 120 சென்டிமீட்டர் வரை. நீளம் கூடக்கூடப் பலகையும் ஒழுங்காகத் தள்ளிப் போனது. அடுத்த சுற்றில் 10 முதல் 40 வரையிலான குட்டைக் கோல்கள். இங்கே காட்டிய நீளங்களின் வீச்சு சுருங்கியது. ஆனால் எது பெரியது, எது சிறியது என்ற வரிசை குலையவில்லை. இதற்கென்று யாரும் பயிற்சி பெற்றிருக்கவில்லை. தரையில் விழும் கோலின் நீளத்தைக் காதால் அளக்க வேண்டிய தேவை அவர்கள் வாழ்க்கையில் அதற்கு முன் வந்திருக்கவும் வாய்ப்பில்லை.

இயற்பியல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது நடந்திருக்கவே கூடாது. இரு முனையும் கட்டுப்படாமல் அதிரும் கோலின் அதிர்வெண், அதன் நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். நீளத்தை இரட்டிப்பாக்கினால் அதிர்வெண் நான்கில் ஒரு பங்காகும். ஆனால் தடிமனை இரட்டிப்பாக்கினால் அதிர்வெண்ணும் இரட்டிப்பாகும். ஆகவே இரண்டு மடங்கு நீளமும் நான்கு மடங்கு தடிமனும் கொண்ட கோல், சின்னக் கோலின் அதே சுருதியில்தான் ஒலிக்கும். என்ன பொருளால் ஆனது என்பதும் சுருதியைக் கொண்டு தெரியாது. எஃகிலும் அலுமினியத்திலும் ஒலி நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பல மரங்களில், நாரின் போக்கில், அதற்குச் சற்றே குறைவு. ஒரே அளவில் இழைத்த மரக்கோலும் எஃகுக் கோலும் சுருதியில் ஏறத்தாழ ஒன்றுதான். மரம் என்று நமக்குச் சொல்வது, சத்தம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பது.

அப்படியானால் காது எதைப் பிடித்துக்கொண்டது? சத்தத்தின் உரப்பு, அது நீடித்த நேரம், அதிர்வெண் பரவல் ஆகிய மூன்றையும் கரெல்லோ குழுவினர் தனித்தனியாக எடுத்துப் பார்த்தார்கள். கேட்டவர்களின் தீர்ப்பை விளக்குவதில் கோலின் உண்மையான நீளத்தோடு இவற்றில் எதுவும் போட்டியிட முடியவில்லை. விழும் கோல் தட்டையாகப் படுப்பதில்லை. ஒரு முனை முதலில் மோதும், மறுமுனை பின்னால் வந்து அடிக்கும், மறுபடி முதல் முனை துள்ளும், பிறகு உருண்டு நிற்கும். இந்தத் தட்டல்களின் இடைவெளியைத் தீர்மானிப்பது கோலின் எடை அதன் நீளவாக்கில் எப்படிப் பரவியிருக்கிறது என்பது. கோலைக் கையில் பிடித்து ஆட்டும்போது அதன் நீளத்தைக் கைக்குச் சொல்வதும் இதே பரவல்தான். ஒரு தனிச் சுரத்தைக் கேட்டு நீளத்தைச் சொல்ல இயலாது. விழுந்த கதை முழுவதையும் கேட்டால் சொல்லலாம்.

காதால் அளப்பதைப் பற்றிய ஆய்வுகளைப் படித்துக்கொண்டு போகும்போது ஒரு கோணல் தெரிகிறது. நீளத்தில் காது வியக்கும்படி தேர்ந்தது. தூரத்தில் அது பரிதாபத்துக்குரியது. நீளம் சத்தத்தின் பிறப்பிலேயே கலந்திருக்கிறது. தூரமோ சத்தம் பிறந்த பிறகு, வருகிற வழியில் அதன்மேல் ஒட்டிக்கொள்வது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பல முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

தெருக்குழாயில் குடம் நிறைவதைப் பாருங்கள். பேச்சு சுவாரசியத்தில் முதுகைக் காட்டி நிற்பவர் சரியான நேரத்தில் திரும்பிக் குடத்தை எடுத்துவிடுவார். தண்ணீர் ஏற ஏற மேலே மிஞ்சும் காற்றின் நீளம் குறைகிறது, சுருதி உயர்கிறது. நேரான பாத்திரம் ஒன்றில் 20 சென்டிமீட்டர் காற்று மிஞ்சியிருந்தால் அது சுமார் 430 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். 5 சென்டிமீட்டர் மிஞ்சும்போது 1,700ஐத் தாண்டியிருக்கும். இடையில் ஏறியது முழுதாக இரண்டு ஸ்தாயி. பீட்டர் கேப், ஜான் பிட்டெங்கர் இருவரும் 2000இல் இதைச் சோதித்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டவர்களும் பார்வையற்றவர்களும் காதை நம்பியே பாத்திரத்தைச் சொன்ன மட்டத்துக்கு நிரப்பினார்கள். குட்டையான திமிரி நாயனத்தையும் நீண்ட பாரி நாயனத்தையும் பந்தலுக்கு வெளியே நின்றே பிரித்தறிகிற ரசிகர் செய்வதும் இதுதான்: காற்றுத் தம்பத்தின் நீளத்தைக் கேட்கிறார்.

நம் குரலுக்குள்ளும் ஒரு நீளம் இருக்கிறது. வளர்ந்த ஆணின் குரல்வளையிலிருந்து உதடு வரை சுமார் 17 சென்டிமீட்டர். குழந்தைக்கு அதைவிட வெகு குறைவு. தொலைபேசியில் முகம் தெரியாத குரலைக் கேட்டதும் ஆளின் உருவத்தை மனம் வரைந்துகொள்வது இதனால்தான். இது மனிதருக்கு மட்டும் உரிய வித்தையும் அல்ல. ஐரோப்பியச் செம்மான்களின் கலைமான் கத்தும்போது குரல்வளையை நெஞ்சை நோக்கிக் கீழே இழுத்துக்கொள்கிறது. ஒலிக்கும் குழல் நீள்கிறது. கேட்கிற எதிராளிக்கு மான் இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றும். டேவிட் ரெபியும் கரென் மெக்கோம்பும் 2003இல் இதை விரிவாக எழுதினார்கள். பொய் சொல்லிப் பயன் வேண்டுமானால் கேட்பவரிடம் அளவுகோல் இருந்தாக வேண்டும் அல்லவா?

தூரத்துக்கு வருவோம். கூப்பிடு தூரம் என்று வழி சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதில் துல்லியத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. காற்றும் கூப்பிடுபவரின் தொண்டையும் சேர்ந்து வகுத்த அளவு அது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது சத்தம் 6 டெசிபெல் குறைகிறது. விதி எளிமையானது, ஆனால் பயன்படுத்த வேண்டுமானால் மூலத்தில் சத்தம் எவ்வளவு என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். மெல்லிய சத்தம் அருகிலிருந்தும் வரலாம், பெரும் சத்தம் தொலைவிலிருந்தும் வரலாம். 1960களின் இறுதியில் மார்க் கார்ட்னர் எதிரொலியே இல்லாத அறையில் மனிதக் குரலைக் கொண்டு நடத்திய சோதனைகள் இதைப் பட்டவர்த்தனமாக்கின. ஒலிபெருக்கி அதே இடத்தில் இருக்க, கிசுகிசுத்த குரலை மக்கள் பக்கத்தில் இருப்பதாகவும், கத்திய குரலைத் தள்ளி இருப்பதாகவும் சொன்னார்கள். கிசுகிசுப்பவர் பக்கத்தில்தான் நிற்பார், கத்துகிறவர் தூரத்தில்தான் நிற்பார் என்ற உலகியல் அறிவு காதை முந்திக்கொண்டது.

அறைக்குள் நிலைமை கொஞ்சம் தேவலை. மூலத்திலிருந்து நேராக வரும் ஒலி தூரத்தோடு குறைகிறது. சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி அறை முழுக்க ஏறத்தாழ ஒரே அளவில் நிறைந்திருக்கிறது. இரண்டுக்கும் உள்ள விகிதம் தூரத்தைச் சொல்லிவிடும். கியார்க் வான் பெக்கேசி 1930களிலேயே இதைக் காட்டியிருந்தார். வானொலி நாடகக் கலைஞர்களுக்கு இது கைப்பழக்கம். பாத்திரம் தொலைவிலிருந்து பேசவேண்டுமானால் குரலைத் தாழ்த்தினால் போதாது, மைக்கை விட்டு விலகி நிற்க வேண்டும். குரலைத் தாழ்த்தினால் பக்கத்தில் நின்று மெதுவாகப் பேசுவதாகத்தான் கேட்பவருக்குத் தோன்றும்.

இத்தனை குறிப்புகள் இருந்தும் தீர்ப்பு கோணலாகத்தான் வருகிறது. பவெல் சாஹோரிக்கும் சக ஆய்வாளர்களும் 2005இல், அதுவரை வந்த பல சோதனைகளின் தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் தந்த சராசரிச் சமன்பாட்டில் எண்களைப் போட்டால் அரை மீட்டரில் இருக்கும் ஒலி 90 சென்டிமீட்டரில் இருப்பதாகவும், 10 மீட்டரில் இருப்பது நாலரை மீட்டரில் இருப்பதாகவும் தோன்றும். ஏறக்குறைய இரண்டு மீட்டர் தொலைவில்தான் தோற்றமும் உண்மையும் ஒத்துப்போகின்றன. அதற்கு இந்தப் பக்கம் கூட்டிச் சொல்கிறோம், அந்தப் பக்கம் குறைத்துச் சொல்கிறோம். தொலைவு ஏற ஏறக் குறைப்பும் ஏறுகிறது.

இந்தக் குறைப்பு எந்த எல்லைவரை போகும் என்பதற்கு 1883 ஆகஸ்ட் 27 சாட்சி. அன்று கிரகடோவா எரிமலை வெடித்த சத்தம் சுமார் 4,800 கிலோமீட்டர் தள்ளியுள்ள ரோட்ரிகஸ் தீவை எட்ட ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆயிற்று. அங்கே காவல்துறைத் தலைவராக இருந்த ஜேம்ஸ் வாலிஸ், கிழக்குத் திசையில் கனரகப் பீரங்கிகள் முழங்குவதுபோல் கேட்டதாகக் குறித்துவைத்தார். இந்தியப் பெருங்கடலின் வேறு சில இடங்களில், ஆபத்தில் சிக்கிய கப்பல் உதவி கேட்டுச் சுடுகிறது என்று எண்ணித் தேடப் புறப்பட்டவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கடலோரத்தில் வாழ்பவரின் காதுக்குத் தெரிந்த ஆகப் பெரிய வெடி கப்பல் பீரங்கி. மூலத்தை அப்படி முடிவுசெய்துவிட்ட பிறகு தூரம் சில கிலோமீட்டருக்கு மேல் போக வழியில்லை.

காதோடு கண்ணையும் கடிகாரத்தையும் சேர்த்தால் கதை மாறும். ஒளி உடனே வந்துவிடுகிறது, ஒலி பின்தங்குகிறது. பின்தங்கிய நேரமே தூரம். இங்கிலாந்தின் அப்மின்ஸ்டர் தேவாலயக் கோபுரத்தில் தொலைநோக்கியோடு நின்ற வில்லியம் டெர்ஹாம், தொலைவில் சுடும் துப்பாக்கியின் பளிச்சொளிக்கும் ஓசைக்கும் இடையிலான நேரத்தை எண்ணி, 1709 வாக்கில் ஒலியின் வேகத்தை நல்ல நெருக்கத்தில் கண்டார். ஐரோப்பாவின் இந்த வேலை சென்னையில் தொடர்ந்த கதை நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் நுங்கம்பாக்கம் வானாய்வகத்திலிருந்து 1820–21இல் ஒலியை அளந்தார். ஒரு பக்கம் செயின்ட் ஜார்ஜ் கோட்டை, நேர்க்கோட்டில் நாலு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மறுபக்கம் பரங்கிமலை, ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். இரண்டு இடங்களிலும் பீரங்கி வெடிப்பது அன்றாட வழக்கம். அவருக்கென்று தனியாக ஒரு குண்டுகூடச் செலவாகவில்லை.

பளிச்சொளி தெரிந்த கணத்திலிருந்து ஓசை வந்து சேரும்வரை எண்ணி, அந்தந்த வேளையின் வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம், காற்றின் திசை எல்லாவற்றையும் பக்கத்தில் எழுதி, மாதவாரியாகச் சராசரி கண்டார். 1823இல் ராயல் சொசைட்டியின் இதழ் அதை வெளியிட்டது. ஒலிக்கு ஒரே நிலையான வேகம் இல்லை, பருவத்துக்குப் பருவம் அது மாறுகிறது என்பதை அவர் பட்டியல்கள் காட்டின. காரணம் பெரும்பாலும் வெப்பம். உறைநிலையில் நொடிக்கு 331 மீட்டர். ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் 0.6 மீட்டர் கூடும். சென்னையின் 30 டிகிரியில் 349.

மின்னலுக்குப் பின் நொடியை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் என்ற கணக்கு பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். இடி இன்னொன்றையும் சொல்கிறது, அதை எண்ணுபவர் குறைவு. மின்னல் ஒரு கணத்தில் முடிந்துவிட, இடி ஏன் பத்து நொடி உருள்கிறது? மின்னலின் பாதை பல கிலோமீட்டர் நீளம். நமக்கு அருகிலிருக்கும் பகுதியின் சத்தம் முதலில் வருகிறது, தொலைவுப் பகுதியின் சத்தம் கடைசியில். உருளல் பத்து நொடி நீடித்தால், அருகு முனைக்கும் தொலைவு முனைக்கும் தூரத்தில் குறைந்தது மூன்றரைக் கிலோமீட்டர் வித்தியாசம் இருக்க வேண்டும். முதல் ஓசை வரும்வரை காத்திருப்பது தூரத்தை அளப்பது. அது அடங்கும்வரை எண்ணுவது மின்னலின் நீளத்துக்குக் கீழ்வரம்பு போடுவது. ஆர்தர் ஃபியூ 1970இல் பல மைக்குகளை வைத்துப் பதிவுசெய்து, மேகத்துக்குள் கண்ணுக்குப் படாமல் ஓடிய மின்னல் பாதையை இடியிலிருந்தே வரைந்தெடுக்கலாம் என்று காட்டினார்.

கடிகாரமும் இல்லை, கண்ணும் இல்லை என்றால்? 1749இல் டிதரோ பார்வையற்றோர் பற்றி எழுதிய மடலில், பொருள்கள் அருகில் இருப்பதை முகத்தில் படும் காற்றைக் கொண்டு உணர்வதாக ஒரு பார்வையற்றவரைப் பற்றிச் சொல்கிறார். இருநூறு ஆண்டுகள் இந்தக் கருத்தே ஓடியது. முகப்பார்வை என்றே அதற்குப் பெயர். பார்வையற்றவர்களில் பலரும் அதை நம்பினார்கள், ஏனென்றால் சுவர் நெருங்கும்போது கன்னத்தில் ஏதோ படிவதுபோல் உண்மையிலேயே அவர்களுக்குத் தோன்றியது.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் கார்ல் டாலன்பாக், மில்டன் காட்சின், தாமே பார்வையற்றவரான மைக்கேல் சூப்பா மூவரும் 1944இல் இதற்கு முடிவு கட்டினார்கள். நீண்ட கூடத்தின் ஏதோ ஓரிடத்தில் பெரிய பலகையை நிறுத்தி, பார்வையற்றவர்களையும் கண்ணைக் கட்டிய பார்வையுள்ளவர்களையும் அதை நோக்கி நடக்கவிட்டார்கள். காலணி மரத்தரையில் ஒலித்தபோது நன்றாகக் கண்டுகொண்டார்கள். கம்பளத்தில் காலுறையோடு நடந்தபோது திறன் குறைந்தது. முகத்தைத் தடித்த முக்காட்டாலும் கையைத் தோலுறையாலும் மூடியபோதும் கண்டுகொண்டார்கள். காதை அடைத்ததும் ஒவ்வொரு முறையும் பலகையில் போய் முட்டினார்கள். இதோடு நிறுத்தாமல் இன்னொன்றும் செய்தார்கள். பங்கேற்பாளரைத் தனியறையில் உட்காரவைத்து, கூடத்தில் ஆய்வாளர் ஒருவர் மைக்கை ஏந்தி நடக்க, அதன் சத்தத்தை மட்டும் காதுக்குழாய் வழியாகக் கேட்கவிட்டார்கள். பலகை இருந்த கூடத்தில் அவருடைய முகமும் இல்லை, உடம்பும் இல்லை. அப்படியும் பலகை நெருங்குவதைச் சொன்னார். தன் உணர்வு எந்தப் புலனில் பிறக்கிறது என்று சொல்வதில் மனிதன் எவ்வளவு நம்பத்தகாதவன் என்பதற்கு இதைவிடச் சுத்தமான சோதனையை நான் படித்ததில்லை.

ஒரு மீட்டர் தள்ளியுள்ள சுவரில் பட்டு ஒலி திரும்ப ஆயிரத்தில் ஆறு பங்கு நொடி ஆகும். அதுவே காதுக்கு மிகக் குறுகிய நேரம். எதிரொலி தனியாகக் கேட்காது. மூல ஒலியோடு கலந்து அதன் நிறத்தை மாற்றும். சில அதிர்வெண்கள் வலுக்கும், சில அழியும். ஒரு மீட்டரில் இந்த ஏற்ற இறக்கங்கள் சுமார் 170 ஹெர்ட்ஸ் இடைவெளியில் வரும், அரை மீட்டரில் 340. சுவரை நெருங்க நெருங்க மெல்லியதொரு சுருதி ஏறுகிறது.

இதை முதலில் கவனித்தவர் கிறிஸ்டியான் ஹைகென்ஸ். பிரான்சின் ஷான்டியி மாளிகைத் தோட்டத்தில், நீரூற்றுக்கும் கற்படிக்கட்டுக்கும் நடுவே நின்றபோது நீரின் இரைச்சலுக்குள் ஒரு சுரம் கேட்டதாக 1693இல் எழுதினார். ஒவ்வொரு படியும் இரைச்சலைச் சிறு தாமதத்தோடு திருப்பியனுப்புகிறது, தாமதங்கள் சமமானவை, அதனால் சுரம் பிறக்கிறது என்று ஊகித்தார். படியின் அகலத்துக்குக் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டிப் பார்த்தார். குழாயும் அதே சுரத்தில் ஒலித்தது. பனி பெய்து படிகள் மூடியபோது, ஊற்று ஓடிக்கொண்டிருந்தும் சுரம் மறைந்துவிட்டது. காதுக்குக் கைவராத தூரம் இங்கே கைவந்துவிடுகிறது, ஏனென்றால் முகத்துக்கும் சுவருக்கும் இடைப்பட்ட தூரம் ஒரு குழாயின் நீளம்போல் சத்தத்துக்குள்ளேயே புகுந்துகொள்கிறது.

நாவைச் சொடுக்கி எதிரொலியால் வழி காணும் அமெரிக்கர் டேனியல் கிஷ்ஷை நிகழ்படங்களில் பலர் பார்த்திருப்பார்கள். பிறந்து பதின்மூன்று மாதத்துக்குள் இரு கண்களையும் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், மிதிவண்டி ஓட்டுகிறார். அவரை அதிசயப் பிறவியாக்குவது தவறு. டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் லோர் தேலர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், பார்வையற்றவர்களோடு பார்வையுள்ளவர்களும் பத்து வாரப் பயிற்சியில் இதைக் கற்றுக்கொண்டார்கள், வயது முதிர்ந்தவர்கள் உட்பட.

இப்போது தெருவில் புதிதாக ஒன்று நடக்கிறது: வண்டிகள் சத்தமில்லாமல் வரத் தொடங்கிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஜூலையிலிருந்து புதிய வகை மின்கார்களுக்கும், 2021 ஜூலையிலிருந்து எல்லாப் புதிய மின்கார்களுக்கும், மணிக்கு 20 கிலோமீட்டர் வரை செயற்கை ஒலி எழுப்பும் கருவியைக் கட்டாயமாக்கியது. ஐக்கிய நாடுகள் அவையின் 138ஆம் விதி 10 கிலோமீட்டர் வேகத்தில் 50 டெசிபெல்லும் 20இல் 56 டெசிபெல்லும் இருந்தாக வேண்டும் என்கிறது. உரப்போடு நிற்காமல் சுருதிக்கும் அது விதி வைத்திருக்கிறது: வேகம் மாறும்போது அதிர்வெண்ணும், மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேக மாற்றத்துக்குச் சராசரியாக 0.8 சதவீதமாவது, மாற வேண்டும். வண்டி வேகமெடுக்கிறதா, நிற்கப்போகிறதா என்பது சத்தத்தின் உள்ளேயே இருக்க வேண்டும் என்று எண்ணி எழுதியவர்களுக்குக் காதின் இயல்பு தெரிந்திருக்கிறது. ஆனால் 50 டெசிபெல் என்பது அமைதியான ஐரோப்பியக் குடியிருப்புத் தெருவுக்கு வைத்த அளவு. ஹாரன் ஓயாத நம்மூர் நாற்சந்தியில் அது கேட்காது. எல்லா வண்டியையும் இன்னும் உரக்கக் கத்தவைத்தாலும் பயனில்லை, ஒன்றை ஒன்று மூழ்கடிப்பதுதான் நடக்கும். கோலை ஊன்றிச் சாலையைக் கடக்கிறவருக்கு முதலில் வேண்டியது ஹாரனை விட்டுக் கையை எடுக்கும் ஓட்டுநர்கள்.